கஞ்சி வைக்க வந்தவளா நான்?

ஏட்டையா,

இன்று மேலகரத்தில் டவுன் பஸ் ஏறினேன். குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த ஒருவர் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, தோளில் பிழிந்து போட்ட துண்டு, கழுத்தில் தேய்த்த எண்ணெய் முழுக்கப் போகவில்லை. எண்ணெயும் ஈரத்துணியும் கலந்த அந்த வாடை ஜன்னல் காற்றில் என் முகத்துக்கு வந்ததும் இறங்க வேண்டிய இடத்தைக்கூட விட்டுவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி நடந்து வந்தேன்.

சீசன் தொடங்கிவிட்டது. சாரல் விழுகிறது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. இதே வாடையோடு வாசலில் நின்று, “இப்படியே உள்ள வரலாமா, இல்ல சோப்பு போட்டுட்டு வரணுமா?” என்று கேட்பீர்கள். சோப்பு வேண்டாம் என்று நான் சொல்லுவேன். அதைச் சொன்னவள் அறுபது தாண்டிய ஒருத்தி என்றால் இந்த ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்ப வேண்டியதும் இல்லை என்றுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன வாரம் திறந்துவிட்டேன். என்ன ஆயிற்று என்று உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் நம் இருவரையும்விடப் பொருத்தமில்லாத ஜோடி வேறு கிடையாது. ஊராரின் ஆசையைக் காவல் காக்க அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆட்களில் நீங்கள் ஒருவர், நான் ஒருத்தி. நீங்கள் தலைமைக் காவலர். சீசன் பந்தோபஸ்து என்று குற்றாலத்துக்கு அனுப்பினால், பாறை மறைவில் உட்கார்ந்திருக்கும் ஜோடிகளை லத்தியால் தட்டி எழுப்பி, யார், எந்த ஊர், கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரிப்பீர்கள். நான் கிராம நர்ஸ். சிவகிரி, ராயகிரி பக்கமெல்லாம் வீடு வீடாகப் போய், மாதவிலக்காகிக் கடைசியாக எப்போது குளித்தாய், எத்தனை பிள்ளை, போதுமா, ஆப்பரேஷனுக்கு எப்போது வருகிறாய் என்று கேட்பேன். என் பையில் கர்ப்பப்பை படம் போட்ட அட்டை ஒன்று இருக்கும். குழாய், முட்டை, பை, வாய் எல்லாவற்றுக்கும் அதில் கோடு இழுத்துப் பெயர் எழுதியிருக்கும். சந்தோஷம் எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு கோடும் கிடையாது.

அது எதற்காக என்று கேட்டால் பிள்ளைக்காக என்று பாடம் எடுப்போம். இரண்டு பெற்றதும் போதும், நிறுத்து என்போம். நிறுத்திய பிறகு அது எதற்காக என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நாங்களும் யாருக்கும் சொல்லவில்லை. ராயகிரியில் ஆப்பரேஷன் முடிந்து படுத்திருந்த ஒருத்தி என் காதோரம், “அக்கா, இனி பயமில்லாம அவுககூட இருக்கலாம்லா?” என்று கேட்டு முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அடுத்த கட்டிலில் இருந்தவள், “இனிமே கிட்ட வராதீகன்னு சொல்லலாமாக்கா? டாக்டர் சொன்னதாச் சொல்லுதேன்” என்றாள். இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தேன். வேறு என்ன கொடுப்பது?

சீசன் டூட்டியில் உங்களைப் பார்த்திருக்கிறேன். வழுக்கி விழுந்தவர்களுக்குக் கட்டுப் போடும் முகாமில் நான், விசிலோடு நீங்கள். முகத்தை எப்போதும் கடுகடு என்று வைத்திருப்பீர்கள். அப்போது உங்களைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பும் இல்லை. இருபத்தாறு வயதில் புருஷனை இழந்து, பிள்ளை இல்லாமல், அண்ணன் வீட்டு மாடியறையில் காலத்தைத் தள்ளியவள் நான். ஆசை என்பது என் டூட்டி, என் சொத்து அல்ல என்று இருந்தேன்.

ஓய்வு பெற்றபின் கருவூலத்தில் பார்த்தோம். ஓய்வூதியக்காரர்கள் வருடத்துக்கு ஒரு தடவை நேரில் போய் உயிரோடு இருக்கிறோம் என்று காட்டிவிட்டு வர வேண்டுமே, அந்த வரிசையில். எனக்கு முன்னால் நின்ற நீங்கள் திரும்பி, “நர்சம்மா, நீங்க உயிரோட இருக்கீங்களா?” என்று கேட்டீர்கள். சிரிக்காமல் கேட்டீர்கள். “இதுவரைக்கும் அப்படித்தான் சொல்லுதாக” என்றேன். உங்களுக்கு மனைவி போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மகன் சப்-இன்ஸ்பெக்டராக மதுரையில் இருந்தான். அதன்பிறகு நம் ஊர்ப் பெரிய கோவில் வாசலில் காற்று வாங்க வருகிறவர்களில் நாம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தோம்.

சீசன் இல்லாத ஒரு மத்தியானம் குற்றாலம் போனதை எப்படி மறப்பேன்? சிற்றருவிக்கு ஏறும் வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தோம். ஒரு இளம் கான்ஸ்டபிள் வந்து நின்றார். நீங்கள் ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கும் கேள்வியை உங்களிடமே கேட்டார். இந்த அம்மா உங்களுக்கு யார்?

ரிட்டயர்டு ஏட்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சல்யூட் அடித்துவிட்டுப் போயிருப்பார். நீங்கள் சொல்லவில்லை. பஜ்ஜியைக் காகிதத்தில் வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: “நான் விரும்புத பொம்பளை, தம்பி. அவுகளும் என்னை விரும்புதாகளான்னு கேக்கத்தான் கூட்டிட்டு வந்தேன். நடுவுல நீ வந்துட்ட.”

அந்தப் பிள்ளைக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எனக்கும்தான். அவர் போனதும், இப்படி ஒருத்தனாவது நெஞ்சு நிமிர்த்திப் பதில் சொல்லியிருந்தால் என் காலத்தில் விட்டிருப்பேன் என்றீர்கள். அது பொய். லத்தியில் இரண்டு கூடத்தான் தட்டியிருப்பீர்கள். அதை அப்போதே சொன்னேன். என் பதில் என்ன என்று கேட்டீர்கள். “வரிசையில நின்னு உயிரோட இருக்கேன்னு கையெழுத்துப் போட்டேன்லா, அது பொய்யாப் போயிரக் கூடாது” என்றேன்.

கல்யாணப் பேச்சு எடுத்ததும் அண்ணன் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. “இந்த வயசுல இது எதுக்குட்டி உனக்கு?” அந்த ‘இது’ என்ற வார்த்தையை அவர் சொன்ன விதம்! எலி செத்த வாடை அடித்ததுபோல மூக்கைச் சுருக்கினார். பிள்ளை பெறப் போகிறாயா என்று மதினி அடுக்களையிலிருந்து கேட்டாள். உங்கள் மகன் அப்படியெல்லாம் பேசவில்லை. படித்த பிள்ளை. சொந்தக்காரர்களிடம் அவன் ஒரு நியாயம் சொன்னான்: வயதான காலத்தில் அப்பாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும், நர்ஸ் என்றால் இன்னும் நல்லது. உடனே எல்லோர் முகமும் தெளிந்துவிட்டது. துணை என்றார்கள், ஆதரவு என்றார்கள். சார்பதிவாளர் ஆபீசில் மாலை மாற்றும்போது உங்கள் தங்கச்சி என் கையைப் பிடித்து, அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். கஞ்சிப் பானையோடு வருகிறேன் என்றுதான் என்னை உள்ளே விட்டார்கள்.

நீங்கள் முதல் நாளே அந்தப் பானையை உடைத்தீர்கள். பழக்க தோஷத்தில் பிரஷர் பார்க்கும் மெஷினை எடுத்து வந்து உங்கள் கையில் பட்டையைச் சுற்றினேன். கழற்றி என் மடியில் வைத்தீர்கள். “ஏட்டி, பிரஷர் பாக்கவா உன்னக் கட்டினேன்?”

அதுவரை நர்சம்மா, நீங்க, வாங்க. அன்றுதான் முதல் ஏட்டி. அந்த ஒரு சொல்லுக்கு என் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது, அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? கடைசிவரை நீங்கள் வெளியே ஒரு கிளினிக்கில்தான் வரிசையில் நின்று பிரஷர் பார்த்தீர்கள். கஞ்சியும் நீங்கள்தான் வைத்தீர்கள், எனக்குக் காய்ச்சல் வந்தபோது. உப்பே இல்லாமல்.

நம் உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேருக்கும் முழங்கால் வலி. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எனக்கு உங்கள் முகம் தெரியாது, உங்களுக்கு என் முகம் தெரியாது. சில நாள் உடம்பு சொன்னபடி கேட்கும், சில நாள் கேட்காது. கேட்காத நாளில் சிரித்துக்கொண்டு படுத்திருப்போம், உங்கள் கை என் வயிற்றின்மேல் இருக்கும். பிள்ளை தங்காத வயிறு என்று ஊர் சொன்ன வயிறு அது. அதன்மேல் ஒரு கை சும்மா, ஒன்றையும் எதிர்பார்க்காமல் கிடக்கலாம் என்று எனக்கு ஐம்பத்தொன்பது வயதில்தான் தெரிந்தது.

நீங்கள் வயற்காட்டில் வளர்ந்தவர். ஒரு நாள் சுக்குக்காப்பி குடித்துக்கொண்டே சொன்னீர்கள், மாடு பருவத்துக்குத்தான் சேருகிறது, மனிதனுக்கு மட்டும் பன்னிரண்டு மாதமும் பருவம், அப்படியானால் இது பிள்ளைக்காக மட்டும் வைத்தது இல்லை என்று தெரியவில்லையா என்று. பெரிய கண்டுபிடிப்பு மாதிரி மீசையைத் தடவினீர்கள். எனக்கு எரிச்சல் வந்தது. ஆம்பளைக்கு வைத்த கணக்கைப் பொம்பளைக்கும் சேர்த்து எழுதாதீர்கள் என்றேன். நான் பார்த்த பெண்களில் எத்தனையோ பேருக்கு அது பாத்திரம் கழுவுவது மாதிரி ஒரு வேலை. இரவானால் ஒன்று பாக்கி இருக்கிறது என்று பெருமூச்சு விடுகிறவர்கள். ஒரு பருவமும் இல்லாமல் பிள்ளை பெற்றவர்கள். அவர்களிடம் போய் இது எதற்காக என்று கேட்டுப் பாருங்கள் என்றேன்.

நீங்கள் தம்ளரைக் கீழே வைத்தீர்கள். காப்பி ஆறிப்போனது. பிறகு மெதுவாக, “அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமோ?” என்றீர்கள். உங்கள் முதல் மனைவியைச் சொன்னீர்கள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவள். ஸ்டேஷனிலிருந்து எந்த நேரத்தில் வந்தாலும் எழுந்து தோசை வார்த்தவள்.

“எனக்குத் தெரியாது. நீங்கதான் கேட்டிருக்கணும்” என்றேன்.

அழுதீர்கள். நான் தேற்றவில்லை. தேற்றினால் அவளுக்குத் துரோகம் என்று தோன்றியது. ஆனால் அன்றைக்குப் பிறகு கேட்காமல் நீங்கள் என்னைத் தொட்டதே இல்லை. கையைப் பிடிக்கவா, பக்கத்தில் படுக்கவா, உனக்கு என்ன வேண்டும், இன்றைக்கு எப்படி இருக்கிறது. கேட்டுக் கேட்டு உயிரை வாங்கினீர்கள். மனு கொடுக்க வந்தவர் மாதிரி நிற்காதீர்கள் என்று நான் திட்டும் அளவுக்குக் கேட்டீர்கள். வேலை பார்த்த காலமெல்லாம் பெண்களிடம் நூறு கேள்வி கேட்டவள் நான். உனக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தியிடம் கேட்டதில்லை, என்னிடமும் யாரும் கேட்டதில்லை. இது எதற்காக என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு. ஒரு வேலைக்கும் ஆகாமல், ஒரு உபயோகமும் இல்லாமல், ஒருவருக்கு நான் வேண்டியிருந்தேன். அப்படி ஒரு இடம் இந்த உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? பிள்ளைக்கு நாம் உபயோகம், ஆபீசுக்கு உபயோகம், சாமிக்குக்கூட வேண்டுதலோடுதான் போகிறோம்.

பேப்பர் வாங்கப் போன காலையில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சரிந்தீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை உங்கள் நெஞ்சில் கைவைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். கை சோர்ந்தது, நிறுத்தவில்லை. அன்று ஒரு தடவைதான் நான் உங்களுக்கு நர்சாக இருந்தேன். அதுவும் பலிக்கவில்லை. பிரஷர் பார்க்க விட்டிருந்தால் என்ன என்று உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. இதை எழுதும்போதும் இருக்கிறது. அதற்காக அந்தப் பட்டையைக் கழற்றி என் மடியில் வைத்த காலையைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

பதினாறாம் நாள் விசேஷத்தன்று ஒரு பக்கம், நர்சம்மா நல்ல மனசோடு கடைசிவரை பார்த்துக்கொண்டாள் என்று பேச்சு. இன்னொரு பக்கம், நர்சை வீட்டிலேயே வைத்துக்கொண்டு இப்படிப் போய்விட்டாரே என்று பேச்சு. இரண்டிலும் நான் வேலைக்காரி. ஒன்றில் நல்ல வேலைக்காரி, மற்றதில் மோசமான வேலைக்காரி.

போன வாரம் உங்கள் மகன் வந்தான். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும் என்று வாசகத்தைப் போனில் காட்டினான். நடுவில் சீருடையில் கடுகடு என்று உங்கள் படம், மேலே சின்னதாக அவன் அம்மா படம். கீழே மகன், மருமகள், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் கடைசியில், ‘இறுதிவரை அன்போடு கவனித்துக்கொண்ட நர்சம்மா’. கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. எனக்கு மரியாதை செய்வதாகவே நினைத்து எழுதியிருந்தான், அதுதான் என்னைச் சுட்டது.

மனைவி என்று போடு, இல்லாவிட்டால் என்னை எடுத்துவிடு என்றேன். அம்மா இருந்த இடத்தில் எப்படி என்று இழுத்தான். உன் அம்மா இடம் அவளுக்கே இருக்கட்டும், நான் அங்கே உட்காரவில்லை, என் இடம் வேறு என்றேன். கவனித்துக்கொண்டவர் என்றால்தான் ஊரில் கௌரவமாக இருக்கும், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றான்.

அப்போதுதான் ஏட்டையா, இத்தனை நாள் மூடியிருந்த வாய் திறந்தது.

“ஐயா, நான் உங்க அப்பாவைக் கவனிக்க வரல. ஒரு நாள்கூட நான் அவுகளுக்குப் பிரஷர் பாத்தது கிடையாது. நான் அவுகளை ஆசைப்பட்டேன். அவுக என்னை ஆசைப்பட்டாக. ஆறு வருசம் அப்படித்தான் இருந்தோம். அதுல உனக்கு என்ன கௌரவக் கொறைச்சல்?”

அவன் தரையைப் பார்த்தான். காது சிவந்துவிட்டது. வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டான். இரண்டாவது நாள் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். நான் சொன்னபடி என்னை எடுத்துவிட்டிருந்தான்.

சரி என்று சும்மா இருக்கவா? ரத வீதியில் பிளெக்ஸ் அடிக்கும் கடைக்குப் போனேன். பழைய குற்றாலத்தில் எடுத்த படம் ஒன்று என் போனில் இருக்கிறது. அருவியில் ஆண்கள் பக்கத்திலிருந்து நீங்களும், பெண்கள் பக்கத்திலிருந்து நானும் நனைந்து வந்து, படிக்கட்டில் ஒட்டி நின்று எடுத்தது. நான் ஏதோ சொல்ல, நீங்கள் என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறீர்கள். அதைக் கொடுத்தேன். கடைக்காரப் பெண் பதறிவிட்டாள். “அக்கா, உயிரோட இருக்கவுக படத்தை அஞ்சலியில போடக் கூடாது. ஆகாது. உங்கள வெட்டிட்டு ஐயாவை மட்டும் போடுதேன்.” கம்ப்யூட்டரில் வெட்டியும் காட்டினாள். பார்த்தேன். சுவரைப் பார்த்துத் தானாகச் சிரிக்கும் ஆள் மாதிரி இருந்தீர்கள்.

“வெட்டாதம்மா. நான் இல்லன்னா அவுக எதைப் பாத்துச் சிரிக்காகன்னு யாருக்குத் தெரியும்?” என்றேன். எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்றாள். ஆனால் ஆகட்டும், அவரிடம்தானே போவேன் என்றேன். வாசகம் என்ன என்று கேட்டாள். ஆறாத் துயர், அணையா விளக்கு என்று தயாராக நிறைய வைத்திருந்தாள். எல்லாம் வேண்டாம் என்று இரண்டு வரி சொன்னேன். ‘இவர் என்னை ஆசைப்பட்டார். நானும்.’ கீழே, ‘மனைவி’.

தட்டச்சு செய்யும்போது அந்தப் பெண் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நேற்று முன்தினம் அதை நம் தெரு முனையில் கட்டினேன். அவர்கள் போஸ்டருக்குப் பக்கத்திலேயே. தெரு முழுக்க நின்று படித்தது. ஒருத்தி காறித் துப்பினாள். மதினி போன் செய்து, செத்தவரையும் நாறடித்துவிட்டாய் என்றாள். இரண்டு பெண்கள் மாத்திரம் வெகுநேரம் குடைக்குள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு என் வயது இருக்கும்.

நேற்று மாலை உங்கள் மகன் போன் செய்தான். தயாராகத்தான் எடுத்தேன், ஒரு சண்டைக்கு. தெருக்காரர் யாரோ பிளெக்ஸைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பிவிட்டார்களாம். போலீஸ்காரன் குரலே இல்லை அது.

“அப்பா இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல” என்றான். “வீட்டுல இருக்க எந்தப் போட்டோலயும் சிரிக்கல. அந்தப் படத்தை எனக்கு அனுப்புதீங்களா?”

ஒன்று கேட்டேன். “அனுப்புதேன். வெட்டாம வச்சுக்கிடுவியா?”

அந்தப் பக்கம் ஸ்டேஷன் வயர்லெஸ் இரைகிறது கேட்டது. நான் போனை வைக்கவில்லை, கேட்டதை அவனுக்காகக் குறைத்துக்கொள்ளவும் இல்லை. “சரி” என்றான் கடைசியில். அனுப்பினேன், முழுப் படமும்.